இருளில் ஒளிரும் விண்மீன்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிறிஸ்துவத் தமிழர் இல்லங்களில் குடில் அமைக்கும் வேலை தொடங்கிவிடும். வைக்கோல் பரப்பி, களிமண் பொம்மைகளை அடுக்கி, குடிலின் உச்சியில் விண்மீன் ஒன்றைத் தொங்கவிடுவர். அந்த விண்மீனுக்கு மின்விளக்கு பொருத்துவதே பெரும்பாலோர் வழக்கம். மின்கம்பியோ மின்கலமோ இல்லாமலும் விண்மீனை ஒளிரச் செய்யலாம். அதற்கு இருளில் ஒளிரும் சாயம் போதும்.

அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் கூட்டமாக மின்னுவதைக் காணலாம். அவை தம் உடலில் நிகழும் வேதிவினையால் ஒளியை உண்டாக்குகின்றன. சாயத்தால் அது முடியாது. தன்மீது பட்ட ஒளியின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொண்டு, இருளில் அதைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. இப்பண்பை ‘நின்றொளிர்தல்’ என்பர். விளக்கு அணைந்த பின்னும் ஒளி நிற்பதால் அமைந்த பொருத்தமான சொல் இது.

இன்றைய சாயம் ஆபத்தற்றது. ஒரு காலத்தில் நிலைமை அவ்வாறு இல்லை. 1917ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இளம்பெண்கள் பலர் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த சாயத்தைப் பூசினர். எண்களை நுட்பமாக எழுத, தூரிகையின் முனையை உதடுகளால் கூராக்கினர். ரேடியத்தின் கதிரியக்கம் அவர்களின் தாடை எலும்புகளை அரித்தது, பலர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் வாகனங்களில் ஒட்டும் பளபளப்புத் தாளை இன்றும் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்றே அழைக்கின்றனர். அதில் ரேடியம் துளியும் இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. பின்னர்த் துத்தநாக சல்பைடு சாயம் பரவியது. அதன் ஒளி விரைவில் மங்கிவிடும். 1993ஆம் ஆண்டு ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் ஸ்ட்ரோன்டியம் அலுமினேட் என்னும் பொருளைக் கொண்டு, இரவு முழுவதும் மங்கலாகவேனும் ஒளிரும் சாயத்தை உருவாக்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் நல்ல ஒளிர்சாயங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒளிக்குச்சியை வெட்டி, உள்ளிருக்கும் நீர்மத்தைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி விளக்கு செய்யும் முறையும் பரவலாக உள்ளது. இதைச் செய்யவே கூடாது. ஒளிக்குச்சியின் உள்ளே மெல்லிய கண்ணாடிக்குழல் ஒன்று உண்டு. குச்சியை வளைக்கும்போது அது உடைவதால்தான் இரண்டு நீர்மங்கள் கலந்து ஒளி பிறக்கிறது. குச்சியை வெட்டினால் கண்ணாடித் துண்டுகளும் வெளிவரும். நீர்மம் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் உண்டாகும். சில மணி நேரத்தில் அணைந்துவிடும் ஒளிக்காக இவ்வளவு துணிய வேண்டுமா?

விண்மீன் செய்யத் தடித்த அட்டையே போதும். அட்டையை விண்மீன் வடிவில் வெட்டி, முதலில் வெள்ளைச் சாயம் பூசிக் காயவிட வேண்டும். பலர் இந்தப் படியைத் தவிர்த்துவிடுகின்றனர். கருநிற அட்டை ஒளியை விழுங்கிவிடும். வெள்ளைப் பரப்போ அதைத் திருப்பி அனுப்பும். அடுத்து, ஆயத்தமாகக் கலந்து விற்கப்படும் ஒளிர்சாயத்தை நன்கு கலக்கிப் பூச வேண்டும். ஒளிரும் துகள்கள் கனமானவை. சாயப்புட்டியின் அடியில் படிந்துவிடும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. மூன்று பூச்சுகள் இருந்தால் ஒளி தெளிவாகத் தெரியும். அழகுக்காக வேறு நிறச் சாயத்தைக் கலந்தால் ஒளி குன்றிவிடும். தூளாக வாங்கிக் கலப்பவர்கள் முகக்கவரி அணிவது நலம்.

விண்மீனை வீட்டு வாசலில் மாட்டலாமா? ஜொகூரின் கிழக்குக் கரையில் டிசம்பர் மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஸ்ட்ரோன்டியம் அலுமினேட்டில் நீர் பட்டால் அதன் ஒளிரும் தன்மை சிதையும். வெளியே மாட்டினால் நீர்புகாப் பூச்சு தேவை. குடிலுக்குள் மாட்டினால் அந்தக் கவலை இல்லை. இவ்வகைச் சாயத்தைச் சாலைக் கோடுகளுக்கும் நம் நாட்டில் பயன்படுத்திப் பார்த்தனர். 2023ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் செமினியில் 245 மீட்டர் தொலைவுக்கு ஒளிரும் கோடுகள் இடப்பட்டன. ஜொகூர் மாநில அரசும் தன் சாலைகள் சிலவற்றில் இம்முயற்சியில் இறங்கியது. ஆனால், சதுர மீட்டருக்கு 749 ரிங்கிட் செலவாகிறது என்றும், வழக்கமான சாயத்துக்கு 40 ரிங்கிட்தான் என்றும் பொதுப்பணித் துணை அமைச்சர் 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். திட்டம் தொடரவில்லை. உள்ளங்கை அளவு விண்மீனுக்கு இந்தச் செலவுக் கணக்கு பொருந்தாது. சிறு புட்டிச் சாயமே பல விண்மீன்களுக்குப் போதும்.

மாலையில் விண்மீனைச் சன்னலோரம் சிறிது நேரம் வைத்து எடுங்கள். மழைமேகம் சூழ்ந்த பகலொளியும் போதும். மஞ்சள் ஒளி தரும் விளக்கைவிட வெள்ளை ஒளி விளக்கு விரைவாக ஆற்றலூட்டும். விளக்கை அணைத்ததும் விண்மீன் பச்சையாகப் பளிச்சிடும். சில நிமிடங்களில் அந்தப் பளிச்சொளி குறைந்துவிடும். அதற்குள் எழுந்து விளக்கைப் போட்டுவிடாதீர்கள். நம் கண்கள் இருளுக்குப் பழக இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகும். பழகிய பிறகு பாருங்கள்: மங்கிய விண்மீன் குடிலின் மேல் இன்னும் தெரியும்.