இரண்டு கை போதாத வேலை

துணி தைக்கிறவருக்கு மடி போதும். தோல் தைக்கிறவருக்கு அது போதாது. இடக்கையில் ஓர் ஊசி, வலக்கையில் ஓர் ஊசி; போதாததற்கு வலக்கை விரலிடுக்கில் குத்தூசி வேறு. பிறகு தோலை யார் பிடிப்பது? முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஒரு பர்ஸ் தைத்துவிடலாம். ஒரு முழு பெல்ட்டைச் சுற்றித் தைத்து முடிப்பதற்குள் கழுத்தும் இடுப்பும் போய்விடும். தையலும் நேராக வந்திருக்காது.

தோலைப் பிடித்துக்கொடுக்கும் அந்த மூன்றாவது கைதான் கவ்வுப்பலகை. ஆங்கிலத்தில் ஸ்டிச்சிங் போனி என்பார்கள். ஓர் அடிப்பலகையின் மேல் செங்குத்தாக இரண்டு பலகைகள் நிற்கும். அவற்றின் தலைகள் தோலைக் கவ்வும், நடுவில் போகிற ஒரு போல்ட் இறுக்கும். இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் அநேகமாக எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்து தைக்கிறவருக்கு அளவெடுத்தவை. நம்மில் பலர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தே வேலை செய்வோம். ஆகவே நாமே செய்துகொள்வது நல்லது. கதவு ஜன்னல் செய்யும் பட்டறையில் மிஞ்சிய கட்டைகள் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

இரண்டு ஊசியோடு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு: தையல் மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் துளைக்குள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு தத்தம் பக்கமே திரும்பிவிடுகின்றன. ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரத் தொடங்கும். இரண்டு ஊசியால் தைக்கும் இந்தச் சேணத் தையலில் இருப்பது ஒரே நூல்தான். அதன் இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு முனைகளும் எதிரெதிராகக் கடந்துபோகும். ஒரு தையல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பைக் கைப்பிடி, பெல்ட் பக்கிள் மாதிரி இழுபடும் இடங்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சேணம் தைத்தவர்கள் உலகெங்கும் இந்த மூன்றாவது கைக்கு அவரவர் வழியில் ஏதோ செய்துகொண்டார்கள். இங்கிலாந்தில் சேணத் தொழிலுக்குப் பேர்போன வால்சால் பகுதிக்காரர்களுக்கு, வளைந்த இரண்டு மரப் பட்டைகளை அடியில் சேர்த்த கவ்வி. அதைத் தொடைகளுக்கு நடுவே சாய்த்து வைத்துக்கொள்வார்கள். போல்ட் கிடையாது, மரத்தின் விறைப்பும் கால்களின் அழுத்தமும்தான் பிடிமானம். 1837இல் பாரிஸில் குதிரைக்கு வார், கடிவாளம் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய ஹெர்மேஸ் நிறுவனத்தில் இன்றும் கைப்பை தைப்பவர்கள் அப்படியொரு மரக் கவ்வியைத்தான் இடுக்கிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் பெஞ்சே செய்துவிட்டார்கள். கால்மிதியை மிதித்தால் கவ்வி மூடும். நம் தெருமுனையில் செருப்புத் தைக்கிற பெரியவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. முழங்காலும் பாதமும்தான் அவருடைய கவ்வி. முனையில் கொக்கி வெட்டிய ஊசியை மேலிருந்து இறக்கி, கீழே காத்திருக்கும் நூலை இழுத்து வருவார். அந்த வேகத்துக்கு உடம்பு சிறுவயதிலிருந்தே பழகியிருக்க வேண்டும். நாற்பது வயதில் தோல்வேலை கற்றுக்கொள்ள வருகிறவருக்கு மரக்கட்டைதான் கதி.

சரி, அளவுகள். அடிப்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட், 40 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். நிற்கும் பலகைகள் இரண்டும் 2 செ.மீ. தடிமன், 8 செ.மீ. அகலம். மரத்தின் நார் நெடுக்குவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் போல்ட்டை இறுக்கும்போது பலகை பிளக்கும். தேக்கோ வேம்போ எதுவும் ஆகும். பச்சை மரம் மட்டும் கூடாது, முறுக்கிக்கொள்ளும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. பசை போடுவதற்கு முன் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு பலகையை அடிப்பலகையோடு கீழிருந்து ஸ்க்ரூ போட்டு அசையாமல் நிறுத்தி, வெளிப்பக்கம் ஒரு முக்கோண முட்டுக் கொடுங்கள். இன்னொன்றை 4 செ.மீ. தள்ளி, வெளிப்புறமாகச் சாய்கிற மாதிரி கீல் வைத்து நிறுத்துங்கள். இரண்டின் தலையிலும் உட்பக்கமாக 2 செ.மீ. கனம், 5 செ.மீ. உயரமுள்ள கட்டையை ஒட்டினால் அவை நடுவில் சந்திக்கும். அவைதான் தாடைகள்.

மற்ற அளவெல்லாம் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கலாம். தாடையில் அது நடக்காது.

எனக்குக் கட்டைகளை அறுத்துக் கொடுத்த ஆசாரி தாடை இரண்டையும் இழைத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, வெளிச்சம்கூடப் புகாதபடி கொண்டுவந்தார். "மேல் விளிம்பு மட்டும் முதல்ல முட்டணும், கீழ கொஞ்சம் இழைச்சுக் கொடுங்கண்ணே" என்றேன். "நேரா இழைச்சதைக் கோணலாக்கச் சொல்றீங்களே தம்பி" என்று இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார். அவர் சங்கடம் நியாயமானதுதான். ஆனால் நடுவில் தோல் வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. கீல் கீழே இருக்கிறது. பலகை வெளியே சாயும்போது உச்சிதான் அதிகம் விலகும், கீழே போகப் போக விலகல் குறையும். 38 செ.மீ. உயரப் பலகையின் நடுவே 4 மி.மீ. கனமுள்ள தோலை வைத்தால், 5 செ.மீ. தாடையின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே அரை மில்லிமீட்டர் வித்தியாசம் விழுகிறது. அதாவது நேராக இழைத்த தாடை தோலைக் கீழ் விளிம்பில்தான் பிடிக்கும். நாம் தைக்கிற மேல் விளிம்பில் தோல் தளர்வாக ஆடும். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குத்தூசி இறங்கும்போது தோல் அந்த அரை மில்லிமீட்டர் பின்னால் நழுவினால் போதும், துளை சாய்ந்து பின்பக்கத் தையல் பாம்பு மாதிரி நெளிந்துவிடும்.

அதனால் தாடையின் உட்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் சரிவாக இழைக்க வேண்டும். உச்சி விளிம்பு முதலில் முட்டும், அடியில் மெல்லிய ஆப்பு வடிவ இடைவெளி தெரியும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, செய்தித்தாளை விரலகலத் துண்டுகளாகக் கிழித்து, தாடையின் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் வைத்து லேசாக மூடுங்கள். மூன்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் ஒரே மாதிரி தடை இருக்க வேண்டும். ஒன்று வழுக்கி வந்துவிட்டால், பிடித்துக்கொள்கிற மற்ற இடங்களில் உப்புத்தாள் வைத்து நாலு இழுப்பு.

வெளிப்பக்கமும் உச்சியை 45 பாகைக்குச் சீவிவிடுங்கள். இது அழகுக்காக இல்லை. தையல் கோடு தாடைக்கு மேல் அரை செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். தாடைக்குத் தோள்பட்டை இருந்தால் விரல்முட்டி அதில் இடிக்கும், ஊசியைப் படுக்கைவாக்கில் செலுத்த முடியாது.

போல்ட் 10 மி.மீ. விட்டம், 12 செ.மீ. நீளம். தலைக்குக் கீழே சதுரக் கழுத்துள்ளதாக வாங்கினால், விங் நட்டைத் திருகும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றாது. உச்சியிலிருந்து 12 செ.மீ. கீழே துளை போடுங்கள். அந்த ஆழத்தில் பெல்ட்டும் பர்ஸும் தாராளமாக அடங்கும். இதைவிட மேலே போட்டால் பிடி பலமாகும், ஆனால் அகலமான வேலை போல்ட்டில் இடிக்கும். அசையாத பலகையில் துளை கச்சிதமாக இருக்கலாம். கீல் வைத்த பலகையில் 13 மி.மீ. துளை வேண்டும், பலகை சாயும்போது போல்ட் கோணத்தில் நிற்குமல்லவா. இரண்டு பலகைக்கும் நடுவே போல்ட்டில் ஒரு ஸ்பிரிங்கைக் கோத்துவிட்டால் நட்டைத் தளர்த்தியதும் வாய் தானாகத் திறக்கும். ஹார்டுவேர் கடையில் அந்த ஸ்பிரிங் சில்லறைக் காசு. அது இல்லாமலும் வேலை நடக்கும்; ஆனால் ஒவ்வொரு நாலு விரற்கடைக்கும் தோலை நகர்த்தி வைக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தாடைக்கு உள்ளே 2 மி.மீ. தோல் ஒட்ட வேண்டும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை போதும். இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் சேர்த்து அழுத்துங்கள். சிலர் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுகிறார்கள். பிடி நன்றாக இருக்கும், வெளிர்நிறத் தோலில் கறுப்புத் தடமும் நன்றாக விழும். சென்னையில் இருந்தால் பெரியமேட்டுத் தோல் கடைகளில் துண்டுத்தோல் கேளுங்கள். ஒட்டுவதற்கு மட்டுமல்ல, தைத்துப் பழகவும் ஆகும்.

ஆணியோ ஸ்க்ரூ தலையோ தாடைப் பக்கம் எட்டிப்பார்க்கவே கூடாது. ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி தாவரச் சரக்கில் பதனிட்ட தோலில் டேனின் இருக்கிறது. ஈரத்தோடு இரும்பு பட்டால் அந்த இடம் நீலம் கலந்த கறுப்பாகிவிடும், துடைத்தாலும் போகாது. கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதி போட்டு அந்தக் காலத்தில் எழுத்து மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் நம் தோலிலும் நடக்கிறது. சித்திரை வைகாசியில் ஈரத்துக்குத் தண்ணீரே வேண்டாம், உள்ளங்கை வேர்வை போதும். அதனால் போல்ட்டும் வாஷரும் எவர்சில்வரில் வாங்கிவிடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

உயரத்தை இதுவரை சொல்லவில்லை. அது உங்கள் உடம்பைப் பொறுத்தது. எப்படி உட்கார்ந்து தைப்பீர்களோ அப்படியே உட்காருங்கள். முழங்கையை மடக்கி இரண்டு முஷ்டிகளையும் மார்புக்கு முன்னே கொண்டுவாருங்கள். தரையிலிருந்து அல்லது நாற்காலிப் பலகையிலிருந்து முஷ்டி வரை அளந்து, அதில் மூன்று நான்கு செ.மீ. குறைத்தால் தாடையின் உச்சி. தோள் தூக்கிக்கொண்டிருந்தால் உயரம் அதிகம், தலை குனிந்திருந்தால் குறைவு. பலகையை நெட்டையாக வைத்துக்கொண்டு, சில நாள் தைத்துப் பார்த்துக் கீழேயிருந்து அறுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வெட்டிய மரம் வளராது. அடிப்பலகையின் நீளம் இங்கேதான் உதவுகிறது. அதைத் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்தால் நம் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும், சி-கிளாம்ப் எதுவும் வேண்டாம்.

நூல் விஷயத்தில் ஒரு தொல்லை உண்டு, வரைபடம் பார்த்துச் செய்கிறவருக்கு அது தெரியாது. தைக்க வேண்டிய நீளத்தைப் போல மூன்றரை முதல் நான்கு மடங்கு நூல் எடுப்போம். அது இரு பக்கமும் தொங்கும். தொங்கும் நூல் விங் நட்டின் காதில் மாட்டிக்கொள்ளும், போல்ட்டின் மரையில் உராய்ந்து மெழுகை இழக்கும், பிளைவுட் முனையில் பிசிறடிக்கும். தாடைக்குக் கீழே இருபுறமும் மெல்லிய தோல் துண்டை முந்தானை மாதிரி தொங்கவிட்டு போல்ட்டை மறைத்துவிட்டேன், தொல்லை விட்டது. மரத்தின் எல்லா முனைகளையும் உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுவதும் இதற்காகத்தான்.

தைக்க உட்காரும்போது தோலின் நல்ல முகம் வலப்பக்கம் இருக்கட்டும் (இடக்கைக்காரர்களுக்கு மாற்றி). இறுக்கம் எவ்வளவு என்றால், இரண்டு விரலால் இழுத்தால் தோல் நகரக்கூடாது, அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் தாடையின் விளிம்பு தோலில் கோடு போட்டுவிடும்; லேசாக நனைந்த தோலில் அந்தக் கோடு நிரந்தரம். இனி, 4 மி.மீ. இடைவெளியில் குறித்த புள்ளியில் குத்தூசியை வலப்பக்கமிருந்து இறக்குங்கள். அதை உருவும்போதே பின்னாலேயே இடக்கை ஊசி வந்துவிட வேண்டும், தாமதித்தால் துளை மூடிக்கொள்ளும். வந்த நூலை உங்கள் பக்கமாகச் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதே துளையில் வலக்கை ஊசியை அனுப்புங்கள். ஊசி நூலைக் குத்திவிட்டதா என்று தெரிந்துகொள்ள முதல் நூலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஓடினால் சரி. பிறகு இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தோடு இழுக்க வேண்டும். கவ்வுப்பலகை அசையாமல் நிற்பதால்தான் இந்தச் சமபலம் சாத்தியமாகிறது. எந்தத் துளையிலும் ஊசி போகிற வரிசையை மாற்றாதீர்கள். மாற்றிய இடத்தில் தையலின் சாய்வு திரும்பிவிடும், அது கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

பெட்டி மாதிரி பக்கச்சுவர் வைத்த பைகளுக்கு இந்தப் பலகை உதவாது. தாடை உள்ளே நுழைய இடம் இருக்காது. அதற்கு ஒரு மூங்கில் போதும். சுவர் தடித்த மூங்கிலை முழங்கால் உயரத்துக்கு மேல் வெட்டி, அடியில் ஒரு கணு மிஞ்சும்படி மேலிருந்து இரண்டாகப் பிளந்து, கணுவுக்குச் சற்று மேலே கம்பியால் இறுக்கிச் சுற்றிவிட்டால் பிளவு அதற்குக் கீழே போகாது. உச்சி விளிம்புகளைச் சீவித் தோல் ஒட்டி, தொடைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் வால்சால்காரர்களின் கவ்வி மாதிரியே வேலை செய்யும். மெலிந்த ஒரு பாதியைப் பைக்குள் விட்டு, மறுபாதியை வெளியே வைத்துக்கொண்டு மூலைவரை தைக்கலாம். காய்ந்த மூங்கிலாகப் பாருங்கள், பச்சையில் செய்தால் பிடி சில வாரத்தில் தளர்ந்துவிடும்.