மூன்றாண்டுப் பணமும் நான்காண்டு அனுமதியும்

கடல் கடந்து மேற்படிப்புக்குச் செல்ல விரும்பும் மாணவர், எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்னும் கேள்விகளில் முதலில் ஆழ்ந்துவிடுவது இயல்பு. கையிலுள்ள பணம் எத்தனை மாதங்களுக்குப் போதும், அது தீரும்போது படிப்பு எந்த நிலையில் இருக்கும் என்னும் கேள்விகள் பெரும்பாலும் பின்னரே எழுகின்றன. அண்ணல் அம்பேத்கர் பெற்ற பட்டங்களைப் பலரும் அறிவர். அப்பட்டங்களுக்கு நடுவே பணமின்றிக் கழிந்த ஆண்டுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மும்பையில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் இளங்கலை முடித்த அம்பேத்கருக்கு 1913ஆம் ஆண்டு பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் உதவித்தொகை வழங்கினார். மாதம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்றாண்டுக் காலம். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். அவ்வாண்டு ஜூலையில் அவர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தபோது வயது இருபத்திரண்டு.

மூன்றாண்டு என்பது முதுகலைக்குத் தாராளமான காலம். அம்பேத்கர் அதனை அவ்வாறு கருதவில்லை. பொருளியலில் மட்டும் 29 பாடங்களையும் வரலாற்றில் 11 பாடங்களையும் எடுத்துக்கொண்டார். சமூகவியல், மெய்யியல், மானிடவியல், அரசியல் ஆகியவற்றோடு தொடக்கநிலைப் பிரெஞ்சும் ஜெர்மனும் சேர்ந்துகொண்டன. 1915இல் முதுகலைப் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டே முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் எழுதினார். ஆயினும் ஆய்வேட்டை அச்சிட்டு ஒப்படைத்த பின்னரே பட்டம் என்பது அன்றைய கொலம்பியாவின் விதி. நூல் 1925இல்தான் வெளிவந்தது. பட்டம் 1927இல் முறையாக வழங்கப்பட்டது. படிப்புச் செலவைக் கணக்கிடுவோர் அச்சுக்கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்த காலம் அது.

1916இல் அவர் இலண்டன் சென்று, இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், வழக்கறிஞர் தகுதி பெறுவதற்காக கிரேஸ் இன் என்னும் அமைப்பிலும் சேர்ந்தார். ஓராண்டு முடிவதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

திரும்புவதற்கு முன் அவர் செய்த ஒரு செயலை மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியைப் பெற்றுக்கொண்ட பின்னரே அவர் கப்பலேறினார். கையில் பணமில்லை, மீண்டும் வர இயலும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆயினும் கதவு திறந்தே இருக்குமாறு பார்த்துக்கொண்டார்.

அது முதல் உலகப் போர்க்காலம். அவர் நலமாக வந்து சேர்ந்தார். அவருடைய நூல்களை ஏற்றிவந்த வேறொரு கப்பல் தாக்குதலில் மூழ்கியது. ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்றபோது, தீண்டாமையின் காரணமாக அந்நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. அயல்நாட்டில் பெற்ற கல்வி சொந்த நாட்டில் ஒரு வாடகை அறையைக் கூடப் பெற்றுத் தரவில்லை. பத்தாண்டுப் பணி என்னும் திட்டம் சில நாள்களிலேயே முறிந்தது.

இதற்கிடையே நான்காண்டுக் கெடு கரைந்துகொண்டிருந்தது. 1918 நவம்பரில் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் பணி கிடைத்தது. மாத ஊதியம் 450 ரூபாய். குடும்பத்தைப் பரேல் பகுதியில் எளிய குடியிருப்பில் வைத்து, ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் பெற்றார். 1920இல், கெடு முடிவதற்குள், மீண்டும் இலண்டனில் இருந்தார்.

ரூபாயில் சேமித்துப் பவுண்டில் செலவிடுவோருக்கு அவை கடினமான ஆண்டுகள். நெடுங்காலமாக 16 பென்சாக இருந்த ரூபாயின் மதிப்பு, 1920இன் தொடக்கத்தில் 24 பென்சையும் கடந்து உயர்ந்தது. மறு ஆண்டே பழைய நிலைக்கும் கீழே சரிந்தது. அம்பேத்கர் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளும் ரூபாயின் சிக்கலே! 1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். அடுத்து டி.எஸ்சி. பட்டத்துக்காக அளித்த ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு 1923 மார்ச்சில் கூறப்பட்டது. பணம் மீண்டும் தீர்ந்திருந்தது. மும்பைக்குத் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டின் இறுதிக்குள் அது ஏற்கப்பட்டது.

இலண்டனில் இருந்த நாள்களில் அவர் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பெயர் பதிந்தார். கொலம்பியாவில் கற்ற ஜெர்மன் மொழி அதற்குத் துணைநின்றது. அதே ஜெர்மனிக்கு இன்று செல்ல விரும்பும் இந்திய மாணவரும் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். அந்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் அரையாண்டுக்கு 1,500 யூரோ செலுத்த வேண்டும். மேலும், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகை தம்மிடம் உள்ளது என்று விசா பெறும்போதே காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ என உயர்த்தப்பட்டது. அதனை முடக்கக் கணக்கில் செலுத்தினால், மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க இயலும். 'கட்டணமில்லாக் கல்வி' என்னும் சொல்லை மட்டும் கேட்டுப் புறப்படும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் திகைக்கின்றன. இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றுக்கும் காலம் பிடிக்கும். அக்டோபரில் தொடங்கும் வகுப்புக்குப் பல இடங்களில் ஜூலை 15 இறுதிநாள். அதற்கு முன்பே முடித்துக்கொள்ளும் துறைகளும் உண்டு. எனவே கல்லூரியின் இறுதியாண்டில் அன்று, அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஏற்பாடுகளைத் தொடங்குவது நன்று.

பட்டியல் சாதியினர் உள்ளிட்ட சில பிரிவு மாணவர்களுக்கு நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் உள்ளது. அதன் வருமான வரம்பு, வயது வரம்பு, மதிப்பெண் தகுதி ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்தல் வேண்டும். அண்டை வீட்டார் கூறுவதைக் கொண்டு முடிவு செய்யலாகாது.

பயிற்சி

1. மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்றாண்டுக்கு எத்தனை பவுண்டு? ஒரு பவுண்டு 15 ரூபாய் எனக் கொண்டு ரூபாயில் எழுதுக. சிடன்ஹாம் கல்லூரி ஊதியத்தில் அத்தொகை எத்தனை மாத ஊதியத்துக்குச் சமம்?

2. நான்காண்டு அனுமதியைப் பெறாமல் 1917இல் அம்பேத்கர் திரும்பியிருந்தால் 1920இல் அவர் எதிர்கொண்டிருக்கக்கூடிய சிக்கல்கள் யாவை? பத்து வரிகளில் எழுதுக.

3. ஓராண்டுக்கு வேண்டிய தொகையில் பாதி மட்டுமே சேர்ந்துள்ள மாணவர் ஒருவர், சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க அனுமதி கோருகிறார். பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதும் கடிதத்தைத் தமிழில் வரைக.