குளவிக்கூடும் அந்நியரும்

புதுவை முத்தியாலுப்பேட்டையில் ஒரு தறிக்கொட்டகைக்கு நாம் சென்றிருந்தபோது, இறவாணத்தில் தொங்கிய குளவிக்கூட்டைக் கொளுத்த அங்கத்தினர் இருவர் பந்தத்துடன் ஆயத்தமாயிருந்தனர். "இதுவரை யாரையேனும் கொட்டியதுண்டா?" என வினவினோம். "இல்லை ஐயா, ஆனாலும் அச்சமாயிருக்கிறது" என்றனர். குளவி யாரை அந்நியராகக் கருதுகிறது, அந்நியரை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை அறிந்தால் அவ்வச்சத்திற் பாதி நீங்கும்.

இவ்வகைக் குளவிகள் செடிநாரையும் மரநாரையும் சுரண்டி, உமிழ்நீருடன் குழைத்து, காகிதம் போன்ற அறைகளைக் கட்டுகின்றன. பல பெண்குளவிகள் கூடி வாழ்ந்து குஞ்சுகளை வளர்க்கின்றன. தென்னாட்டிற் பரவலாகக் காணப்படும் 'ரோப்பாலிடியா மார்ஜினேட்டா' என்னும் இனத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ராகவேந்திர கதக்கரும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டுகள் ஆராய்ந்துள்ளனர்.

ஒவ்வொரு கூட்டுக்கும் தனி மணம் உண்டு. அது குளவியின் உடல்மேல் மெழுகுப் பூச்சுப்போற் படிந்திருக்கும். வந்து அமரும் குளவியை வீட்டுக்குளவி தன் உணர்கொம்புகளால் தொட்டறிகிறது. மணம் ஒத்திருந்தால் வழிவிடும். மாறினால் விரட்டும், கடிக்கும், சில வேளை கட்டிப்புரண்டு கொட்டவும் செய்யும். ஆயினும் அயற்கூட்டிலிருந்து வரும் மிக இளங்குளவிகளை அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

இந்த மணம் பிறப்பால் வருவதா? 1988-இல் அக்குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. வெளிவந்தவுடனே கூட்டையும் தோழியரையும் காணாதபடி பிரித்து வளர்க்கப்பட்ட குளவிகளால் தம்மவரையும் அயலாரையும் வேறுபடுத்த இயலவில்லை. கூட்டோடு பழகியவை வேறுபடுத்தின. ஆகவே அடையாளமும், அதை அறியும் திறனும் கூட்டில் வாழ்ந்தே பெறப்படுகின்றன. கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குவதாக நம் முன்னோர் கூறியது கதையே; அப்புழு குஞ்சுக்கு உணவுதான். எனினும் குளவியைக் குடும்பத்தாளாக்குவது பழக்கமே என்பது மெய்.

மனிதரிடம் குளவி மணத்தைவிட அசைவையே முக்கியமாகக் கவனிக்கிறது. உத்தரம் அதிர்ந்தாலோ, கை வீசினாலோ, அருகில் திடீரென நிழல் விழுந்தாலோ அது சிறகை உயர்த்தி நம்மை நோக்கி நிற்கும். அதுவே எச்சரிக்கை. அப்போது அடிக்காமல் மெல்லப் பின்வாங்குதல் வேண்டும்.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கூரைக்கொட்டகையில் தீப்பந்தம் எடுத்தல் ஆகாது. கூட்டுடன் தறியும் நூலும் சாம்பலாகலாம். இரண்டாவது, குளவி பயிரைத் தின்னும் புழுக்களைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. எனவே பாகூர்ப் பக்கத்து உழவர்கள் ஒதுக்குப்புறக் கூடுகளை விட்டுவைத்தல் நலம். வாயிலிலோ நடைவழியிலோ உள்ளவற்றைப் பழகியவரைக் கொண்டு அகற்றுக. மூன்றாவது, பல குளவிகள் கொட்டினாலும், ஒன்றே கொட்டி மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்க.

நம் சங்கத்திற்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நெசவாளர் மகனாகப் பிறந்ததால் மட்டும் ஒருவன் சங்கத்தவனாகிவிடுவதில்லை. இளமையிலேயே கூட்டத்தில் உட்கார வைத்து, கணக்கேட்டைக் காட்டி, பொறுப்பும் கொடுத்தால்தான் சங்கம் அவனுடையதாகும். முதியோர் மட்டும் கூடும் மகாசபைகளை நாம் பல கண்டுள்ளோம். அடுத்த மகாசபைக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் வீட்டு இளைஞர் ஒருவரை அழைத்து வரவேண்டுகிறோம்.