சர்வரில் இருக்கிறது, ஏன் திறக்கவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டு அரபுத்தமிழ்க் கிதாபுகளை எச்டிஎம்எல் பக்கங்களாகச் சர்வரில் வைத்திருக்கிறேன். ஜாவா செயலியில் ‘டி டிரைவ்’ பாதையை லிங்க்காகக் கொடுத்தால் யாருக்கும் திறக்கவில்லையே?

– வாசகி, காயல்பட்டினம்

பதில்: அந்தப் பாதையை பிரவுசர், பார்ப்பவரின் கணினியில் உள்ளதாகவே எடுத்துக்கொள்ளும். இணையப் பக்கத்திலிருந்து அப்படித் திறக்க இன்றைய பிரவுசர்கள் விடுவதுமில்லை. கோப்பைச் சர்வர்தான் படித்து அனுப்ப வேண்டும்.

எல்லோரும் பார்க்கலாம் என்றால் செயலியின் வெளிஃபோல்டரில் வைத்து, செயலியின் பெயரோடு தொடங்கும் முகவரியைக் கொடுங்கள்; போதும். உறுப்பினருக்கு மட்டும் என்றால் ‘வெப்-இன்ஃப்’ ஃபோல்டரில் வையுங்கள். முகவரியைத் தட்டி யாரும் அதற்குள் நுழைய முடியாது. லாகினைச் சரிபார்த்தபின் சர்வ்லெட், ‘கெட் ரிசோர்ஸ் ஆஸ் ஸ்ட்ரீம்’ வழியாகப் படித்து அனுப்பட்டும். ‘கெட் ரியல் பாத்’தை நம்பாதீர்கள், வார் கோப்பு பிரிக்கப்படாமல் ஓடும்போது அது ‘நல்’ தரும்.

கோப்பின் பெயரை முகவரியிலிருந்து அப்படியே எடுத்துவிடாதீர்கள், இதை மன்றாடியே சொல்கிறேன். இரட்டைப் புள்ளி போட்டு வேறு ஃபோல்டருக்குத் தாவிவிடுவார்கள். கிதாபுக்கு ஓர் எண் கொடுங்கள். எந்த எண்ணுக்கு எந்தக் கோப்பு என்பது சர்வருக்குள்ளேயே இருக்கட்டும்.

எழுத்துகள் கேள்விக்குறியாக வந்தால், எழுதத் தொடங்கும் முன்பே பதிலின் வகையில் யுடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். கோப்பை ஜாவாவில் எழுத்தாகப் படிக்கும்போதும் அதையே சொல்லுங்கள். ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகளில் அது தானாக அமையும் என்று உறுதியில்லை. அரபுத்தமிழ் வலமிருந்து இடம் போவதால், பத்திகளுக்கு ‘டிர்’ பண்பில் ‘ஆர்டிஎல்’ கொடுக்கவும்.