சைகை விளக்கும் ஓம் விதியும்

மாலை நேரத்தில் கடைத்தெருவில் நின்று, திரும்பும் மோட்டார் சைக்கிள்களின் சைகை விளக்குகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஏறத்தாழ நம் நாடித்துடிப்பின் வேகத்தில் நிதானமாக மின்னி மின்னி அணையும். இடையிடையே ஒரு வண்டியில் மட்டும் அவை படபடவென்று இரு மடங்கு வேகத்தில் துடிக்கும். வேறொரு வண்டியில் இடப்புறம், வலப்புறம் இரண்டும் சேர்ந்து நான்கு விளக்குகளும் மின்னும். ஓட்டுபவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பது பின்னால் வருபவருக்கு விளங்காது.

அருகில் சென்று பார்த்தால், இத்தகைய வண்டிகள் பலவற்றில் பழைய மின்னிழை விளக்குகளைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியிருப்பது தெரியும். புது விளக்குகளில் குறை ஒன்றும் இல்லை. வண்டியின் மின்சுற்றிலும் பழுது இல்லை. பின் ஏன் இந்தக் குழப்பம்? இதற்கு விடை காண உங்கள் பாடநூலில் உள்ள ஓம் விதியே போதும்.

பழைய ஏற்பாடு

வண்டியின் மின்கலத் தொகுதி 12 வோல்ட் மின்னழுத்தம் தருவது. எஞ்சின் ஓடும்போது இது 14 வோல்ட் வரை உயரும். கணக்கு எளிதாக இருக்க 12 என்றே கொள்வோம். ஒரு பக்கத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு விளக்குகள் பக்க இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றும் 10 வாட். ஆகவே ஒரு பக்கத்தின் மொத்தத் திறன் 20 வாட்.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் அல்லவா? 20-ஐ 12-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 1.67 ஆம்பியர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரை முழுவதும் இதைச் சுற்றியே நடக்கிறது.

இந்த மின்னோட்டம் விளக்கைச் சேருமுன் ஒரு சிறு பெட்டியின் வழியே செல்கிறது. பழுதுபார்ப்போர் இதனைப் பிளாஷர் என்பர். விளக்கை அணைத்து அணைத்து எரியவைப்பது இதுவே. பழைய வகைப் பிளாஷரினுள் ஈருலோகப் பட்டை ஒன்று இருக்கும். மின்னோட்டம் செல்லும்போது பட்டை சூடேறி வளையும். வளைந்ததும் தொடர்பு விட்டு விளக்கு அணையும். குளிர்ந்து நிமிர்ந்ததும் தொடர்பு மீண்டும் ஏற்பட்டு விளக்கு எரியும். 'டிக், டிக்' என்று நாம் கேட்பது இந்தத் தொடர்பின் ஓசையே.

இன்றைய வண்டிகள் பலவற்றில் உள்ளது மின்னணுப் பிளாஷர். இதில் ஒரு மின்தேக்கி மின்னேற்றம் பெற்று இழக்கும் நேரமே துடிப்பின் வேகத்தை நிர்ணயிக்கிறது. இவற்றுள் பல இன்னொரு வேலையும் செய்கின்றன. விளக்குக்குச் செல்லும் மின்னோட்டத்தை, மிகச் சிறிய மின்தடை ஒன்றின் வழியே செலுத்தி, அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை அளக்கின்றன. எடுத்துக்காட்டாக, அந்த மின்தடை 0.03 ஓம் என்று கொள்வோம். 1.67 ஆம்பியர் செல்லும்போது அங்கே 50 மில்லி வோல்ட் இருக்கும். ஒரு விளக்கின் இழை அறுந்துபோனால் மின்னோட்டம் பாதியாகி, 25 மில்லி வோல்ட் மட்டுமே இருக்கும். உடனே பிளாஷர் தன் துடிப்பை ஏறத்தாழ இரு மடங்காக்கிவிடும்.

ஆகவே அந்தப் படபடப்பு ஒரு செய்தி. "உன் விளக்கு ஒன்று அணைந்துவிட்டது, கவனி" என்று ஓட்டுபவருக்குச் சொல்லும் செய்தி. ஓடும் வண்டியில் இருப்பவரால் தம் பின்விளக்கைப் பார்க்க முடியாதே! அதனால்தான் இந்த ஏற்பாடு.

எல்.இ.டி. வந்தபோது

எல்.இ.டி. என்பது ஒளி உமிழும் டையோடு. கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் முதல் எல்.இ.டி.யை 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் உருவாக்கினார். அது சிவப்பு நிறம். மஞ்சள் நிற எல்.இ.டி.யை 1972-இல் ஜார்ஜ் கிராஃபோர்ட் படைத்தார். மின்னிழை விளக்கு முதலில் இழையைச் சூடாக்கி வெண்மை சார்ந்த ஒளியை உண்டாக்குகிறது. பிறகு ஆரஞ்சு நிறக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. எல்.இ.டி.யோ தேவையான நிறத்தை மட்டுமே உமிழ்கிறது. ஆகவே குறைந்த மின்சாரமே அதற்குப் போதும்.

ஒரு ஆரஞ்சு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டில் எரியும். மூன்றைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட். மீதி 6 வோல்ட்டை ஒரு 300 ஓம் மின்தடை ஏற்றுக்கொள்ளும். அந்த வரிசையில் ஓடும் மின்னோட்டம் 6-ஐ 300-ஆல் வகுக்க 0.02 ஆம்பியர். இப்படி நான்கு வரிசைகள் கொண்ட விளக்கு 0.08 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 1 வாட் எடுக்கும். ஒரு பக்கத்து விளக்குகள் இரண்டும் சேர்ந்து 0.16 ஆம்பியர்.

முன்பு 1.67, இப்போது 0.16. பத்தில் ஒரு பங்கு! மின்னணுப் பிளாஷர் இப்போது 5 மில்லி வோல்ட்டையே காண்கிறது. இரண்டு விளக்குகளும் பளிச்சென்று எரிந்தாலும், விளக்கு போய்விட்டதாகவே அது முடிவுசெய்து படபடக்கிறது. பிளாஷருக்குக் கண் கிடையாது. அது ஒளியைப் பார்ப்பதில்லை, மின்னோட்டத்தை மட்டுமே அறியும்.

ஈருலோகப் பட்டையுள்ள பிளாஷரில் வேறுவிதமாக நடக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பது. மின்னோட்டம் பத்தில் ஒன்றானால் வெப்பம் நூறில் ஒன்றாகும். பட்டை சூடேறுவதே இல்லை. விளக்கு மின்னாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

நான்கும் மின்னுவது ஏன்?

சில வண்டிகளில் வேகமானியின் முகப்பில், இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு சிறு அறிவிப்பு விளக்கு இருக்கும். அதன் ஒரு முனை இடப்பக்கக் கம்பியோடும், மறுமுனை வலப்பக்கக் கம்பியோடும் இணைக்கப்பட்டிருக்கும். அதற்கெனத் தனியாகத் தரை இணைப்பு இல்லை. இடப்பக்கச் சைகையைப் போட்டால், மின்னோட்டம் அறிவிப்பு விளக்கின் வழியாகச் சென்று, வலப்பக்க விளக்குகளின் இழைகளைக் கடந்து தரையை அடையும்.

அறிவிப்பு விளக்கு 2 வாட் என்றால் அதன் மின்தடை 72 ஓம். எதிர்ப்பக்க இழைகளின் மின்தடை, குளிர்ந்த நிலையில் மிகவும் குறைவு. ஆகவே 12 வோல்ட்டும் பெரும்பாலும் அறிவிப்பு விளக்கின் மேலேயே விழும். அது நன்றாக எரியும். எதிர்ப்பக்க இழைகளோ செம்மைகூடத் தட்டா.

இப்போது எதிர்ப்பக்கத்தில் எல்.இ.டி. விளக்குகளை வையுங்கள். அங்கே எட்டு வரிசைகள் பக்க இணைப்பில் உள்ளன. 300-ஐ எட்டால் வகுக்க 37.5 ஓம். எல்.இ.டி.களுக்கு 6 வோல்ட் போக மீதி 6 வோல்ட். அதை 72 + 37.5 = 109.5 ஓம் கொண்டு வகுத்தால் ஏறத்தாழ 0.055 ஆம்பியர். வரிசைக்கு 0.007 ஆம்பியர், அதாவது முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு. மின்னிழைக்கு இது ஒன்றுமில்லை. எல்.இ.டி.க்கோ இதுவே தெளிவாக எரியப் போதும். ஆகவே நான்கும் மின்னுகின்றன, அறிவிப்பு விளக்கோ மங்குகிறது.

"எல்.இ.டி.யும் டையோடுதானே, மின்னோட்டத்தை ஏன் தடுக்கவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. டையோடு எதிர்த்திசையில்தான் தடுக்கும். இங்கே மின்னோட்டம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும், எல்.இ.டி.யின் நேர்முனையில் நுழைந்து தரையை நோக்கியே செல்கிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. அறிவிப்பு விளக்கின் ஒரு முனையைத் தரையோடு இணைத்துவிட வேண்டும். மறுமுனைக்கு இடக்கம்பியிலிருந்து ஒரு டையோடு, வலக்கம்பியிலிருந்து ஒரு டையோடு என இரண்டு டையோடுகள் வழியாக மின்னோட்டத்தைக் கொடுக்க வேண்டும். 1என்4007 என்ற சாதாரண டையோடே போதும். ஒரு பக்கத்து மின்னோட்டம் மறுபக்கத்துக்குத் தாவாது.

மின்தடையால் ஏமாற்றலாமா?

படபடப்பை நிறுத்தப் பலர் கையாளும் வழி, எல்.இ.டி.க்குப் பக்க இணைப்பில் ஒரு மின்தடையை வைப்பது. குறையும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.5 ஆம்பியர். 12-ஐ 1.5-ஆல் வகுத்தால் 8 ஓம். அதை வைத்ததும் துடிப்பு பழையபடி நிதானமாகிவிடும்.

ஆனால் அந்த மின்தடை எடுக்கும் திறன் எவ்வளவு? 12 × 1.5 = 18 வாட். விளக்கில் நாம் மிச்சப்படுத்திய மின்சாரம் முழுவதும் இங்கே வெப்பமாகப் போகிறது. பிளாஸ்டிக் மீது கட்டினால் அது உருகும். உலோகச் சட்டத்தில்தான் பொருத்த வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதை நான் கணக்கில் அல்ல, சாலையில்தான் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டியிலும் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தி, 8 ஓம் மின்தடைகளை நானே பற்றவைத்தேன். பல மாதங்கள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஒரு மாலை கல்லூரியிலிருந்து திரும்பும்போது வலப்பக்கம் திரும்பச் சைகை போட்டேன். அறிவிப்பு விளக்கு மின்னியது. 'டிக், டிக்' ஓசையும் நிதானமாகக் கேட்டது. நான் திரும்பத் தொடங்கியதும் பின்னால் ஒரு பேருந்து பலமாக ஒலியெழுப்பி, முழக்கோல் தூரத்தில் நின்றது. "சைகை போட மாட்டீங்களா சார்?" என்று ஓட்டுநர் கேட்டார். இறங்கிப் பார்த்தேன். வண்டியின் அதிர்வில் பின்விளக்கின் கம்பி இற்றுப்போயிருந்தது.

பிளாஷர் ஏன் எனக்குச் சொல்லவில்லை? கணக்கிடுங்கள். இரு விளக்கும் எரியும்போது மின்னோட்டம் 1.5 + 0.16 = 1.66 ஆம்பியர். ஒன்று அணைந்தபின் 1.5 + 0.08 = 1.58 ஆம்பியர். நூற்றுக்கு ஐந்து பங்கு வேறுபாட்டைப் பிளாஷர் எப்படி உணரும்? படபடப்பை ஒரு தொல்லை என்று நினைத்து நான் நிறுத்தினேன். உண்மையில் எனக்கு எச்சரிக்கை செய்ய இருந்த வாயை அடைத்துவிட்டேன். தவறு விளக்கினுடையது அல்ல, என்னுடையதே.

சரியான வழி

விளக்கு எடுக்கும் மின்னோட்டத்தைச் சாராமல் துடிக்கும் பிளாஷர்கள் எல்.இ.டி.க்கென்றே கிடைக்கின்றன. பழைய இரு முனைப் பிளாஷர் தன் இயக்கத்துக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கின் வழியாகவே பெறுகிறது. புதிய வகைகள் பலவற்றில் தரை இணைப்புக்கென மூன்றாவது முனை உண்டு. இதனை மாற்றினால் வீண் வெப்பமும் இல்லை, படபடப்பும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 கேட்பது நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும் துடிக்கும் ஆரஞ்சு மஞ்சள் ஒளி. கைக்கடிகாரத்தை வைத்து 15 விநாடிகளுக்கு எண்ணி, நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

ஆயினும் இவ்வகைப் பிளாஷர்கள் பலவும் விளக்கு அணைந்ததை அறிவிப்பதில்லை. முன்பு மின்னோட்டம் செய்த காவல் வேலையை இனி நம் கண் செய்ய வேண்டும். வண்டியை எடுக்குமுன் இரு பக்கச் சைகையையும் போட்டு, ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். நான் இப்போது ஒருநாளும் அதைத் தவறவிடுவதில்லை. உங்கள் வீட்டு வண்டியில் அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் கம்பிகளில் மட்டும் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். 12 வோல்ட் அதிர்ச்சி தராது என்றாலும், குறுக்குச்சுற்று ஏற்பட்டால் கம்பி நெருப்பாகிவிடும். பெரியவர்களும் முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு 9 வோல்ட் மின்கலம், 470 ஓம் மின்தடை, ஒரு எல்.இ.டி., ஒரு டார்ச் விளக்கு ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். எல்.இ.டி. நன்றாக எரியும், டார்ச் விளக்கு எரியவே எரியாது. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தான். எவ்வளவு என்று கணக்கிடுங்கள். எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் காணுங்கள்.

கணக்கு

ஒரு காரில் பக்கத்துக்கு இரண்டு 21 வாட் சைகை விளக்குகள். அவற்றுக்குப் பதிலாக 2 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டைப் போட்டால் மின்னோட்டம் எவ்வளவு குறையும்? அதை ஈடுசெய்ய எத்தனை ஓம் மின்தடை வேண்டும்? அது எத்தனை வாட் வெப்பத்தை வெளியிடும்?

(விடை: ஏறத்தாழ 3.17 ஆம்பியர், 3.8 ஓம், 38 வாட். பற்றவைப்புக் கோல் ஒன்றின் சூட்டுக்கு ஒப்பானது இது!)