இணைப்பு மூன்றில் இரண்டு வரிகள்

அன்புள்ள தம்பிக்கு,

வாடிக்கையாளர் பெயர், ஐபி முகவரி எல்லாவற்றையும் கறுப்படித்துவிட்டு நீ அனுப்பிய ஆடிட் ரிப்போர்ட்டைப் படித்து முடித்தேன். லாகின் பகுதியை மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தாய். முழுவதையும் பார்த்தேன், இணைப்புகள் உட்பட. இணைப்புகளை யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் எல்லாரும் கையில் கிடைத்ததை அங்கே கொட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் முதலில் வேண்டும். முன்பக்கத்து வண்ண வட்டப்படங்களை ஸ்கேனரே வரைந்து கொடுத்துவிடுகிறது.

இணைப்பு மூன்றில், நீ சோதித்த செயலியின் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பை அப்படியே ஒட்டியிருக்கிறாய். நிர்வாகிகள் பகுதியைக் காக்கும் செக்யூரிட்டி கன்ஸ்ட்ரெயின்ட் அதில் இருக்கிறது. யூஆர்எல் பேட்டர்ன் சரி. எந்த ரோல் நுழையலாம் என்பதும் சரி. நடுவில் இரண்டு வரிகள்: எச்டிடிபி மெத்தட் கெட், எச்டிடிபி மெத்தட் போஸ்ட். பக்கத்தில் உன் குறிப்பு: 'அத்தென்டிகேஷன் செயல்பாட்டில் உள்ளது. இணக்கம்.' எழுந்து போய் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

மெத்தட் என்று ஒன்றையும் எழுதாமல் விட்டிருந்தால், எல்லா மெத்தடுக்கும் காவல் இருந்திருக்கும். இரண்டைப் பெயர் சொல்லி எழுதியதும், சர்வ்லெட் விதிப்படி காவல் அந்த இரண்டுக்கு மட்டும் என்றாகிவிடுகிறது. ஹெட் மெத்தடில் ஒரு ரிக்வெஸ்ட் வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஜாவா சர்வ்லெட்டில் ஹெட் தனியாக எதுவும் செய்வதில்லை என்பதும் உனக்குத் தெரியும். கெட் செய்யும் வேலை முழுவதையும் செய்துவிட்டு, பதிலின் உடலை மட்டும் அனுப்பாமல் விட்டுவிடுகிறது. வந்தவனுக்குப் பக்கம் தெரியாது. ஆனால் வேலை நடந்துவிடும்.

இது என் பைத்தியம் என்று நம் அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். அர்ஷன் தபிர்சியாகி இதைப் பற்றி 2008-லேயே விரிவாக எழுதிவிட்டார். 2010 ஏப்ரலில் ரெட் ஹேட் தன் ஜேபாஸ் சர்வருக்குத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. காரணம், அதனுடன் வந்த ஜேஎம்எக்ஸ் கன்சோலில் கெட்டுக்கும் போஸ்ட்டுக்கும் மட்டுமே காவல் இருந்தது. சிவிஇ-2010-0738 என்று தேடிப் பார், விளக்கம் இரண்டு வரிதான். 2011-ல் அந்த ஓட்டை வழியாக ஒரு வேர்ம் பரவியது. 2016-ல் சாம்சாம் ரான்சம்வேர்க்காரர்கள் அமெரிக்க மருத்துவமனைகளுக்குள் புகுந்தது, திருத்தாமல் விடப்பட்ட பழைய ஜேபாஸ் சர்வர்கள் வழியாகத்தான். அந்த ஏப்ரலில் சிஸ்கோவின் டாலோஸ் குழு இணையத்தைத் துழாவியபோது, சுமார் 1,600 ஐபி முகவரிகளில் 2,100-க்கும் மேற்பட்ட பின்கதவுகள் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தன. திருத்தம் வந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்த நேரம் அது.

அந்த 2010 அறிவிப்பு வந்த வாரம் நன்றாக நினைவிருக்கிறது. வாடிக்கையாளர்களின் சர்வர் அறைகளில் ஏறி இறங்கினோம். வெளியே கத்திரி தொடங்கப்போகிற வெயில், உள்ளே ஏசி குளிரில் விரல் விறைக்கும். ஓர் இடத்தில் சிஸ்டம் அட்மின் எங்களை உட்காரவே விடவில்லை. 'எங்களுடையதில் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோம் சார், பாருங்கள்' என்று பிரவுசரைத் திறந்து காட்டினார். உண்மைதான், பாஸ்வேர்டு கேட்டது. என்னுடன் வந்த மூத்தவர் வாயே திறக்காமல் கறுப்புத் திரையில் டெல்நெட்டைத் திறந்து, அதே முகவரிக்கு ஒரு ஹெட் வரியைத் தட்டினார். 200 ஓகே என்று வந்தது. அட்மின் அந்த எண்ணையும் பிரவுசரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் டீ வந்தது.

அந்த மூத்தவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கன்ஃபிக் கோப்பை அச்செடுத்துத் தருவார், கூடவே செயலியின் எல்லா யூஆர்எல்களையும் ஒரு தாளில். கோப்பில் எழுதியிருப்பதை அடித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் தாளில் எது அடிபடாமல் மிஞ்சுகிறதோ, அதிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். ஸ்கேனர் இருப்பதைப் படிக்கும், தம்பி. எழுதாமல் விட்டதைப் படிக்கத்தான் வாடிக்கையாளர் உனக்குச் சம்பளம் தருகிறார்.

அடுத்து, உன் பாஸ்வேர்டு பக்கம். 45 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறாய், ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு சிறப்புக் குறியோடு. அபாய நிலை 'உயர்'. எந்த டெம்ப்ளேட்டிலிருந்து இறங்கியது இது? இந்த விதிகளை 2003-ல் அமெரிக்காவின் நிஸ்டுக்காக எழுதிய பில் பர், அவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-ல் பத்திரிகையில் சொல்லிவிட்டார். அதே ஆண்டு வந்த நிஸ்ட் வழிகாட்டி, காரணமில்லாமல் கால இடைவெளி வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டுத் தடுங்கள் என்றது. 2019-ல் மைக்ரோசாஃப்டும் விண்டோஸ் பேஸ்லைனிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. அதற்கெல்லாம் முன்பே, 2010-ல், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் காலாவதியான கணக்குகளை வைத்துச் சோதித்தார்கள். பழைய பாஸ்வேர்டு தெரிந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்துக்கும் குறைவான முயற்சிகளில் ஊகிக்க முடிந்தது.

ஆய்வே வேண்டாம். எந்த அலுவலகத்திலாவது போய்க் கேட்டுப் பார். ஜனவரியில் ஊர்ப்பெயர், ஒரு அட் குறி, 01. மார்ச்சில் அதே ஊர்ப்பெயர், அதே அட், 03. மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு. லீவு போட்டவரின் லாகினில் பக்கத்து மேஜைக்காரர் வேலை பார்க்கிறார். வாடிக்கையாளரின் செக்லிஸ்ட்டில் 45 நாள் இருக்கிறது, அது இல்லாமல் 'சேஃப் டு ஹோஸ்ட்' சான்றிதழ் நகராது என்றால், 'உங்கள் செக்லிஸ்ட் இதைக் கேட்கிறது' என்று எழுது. பாதுகாப்புக்காக என்று உன் பெயரில் எழுதாதே.

இதில் எனக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணம், அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் கிடைத்த உன் எட்டாவது கண்டுபிடிப்பு. அதற்கு நீ கொடுத்த நிலை 'நடுத்தரம்'! பாஸ்வேர்டு மறந்தவருக்குப் போகும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பு, செயலி தன் அமைப்பிலிருந்து எடுக்க வேண்டிய டொமைனில் இல்லை, வந்த ரிக்வெஸ்ட்டின் ஹோஸ்ட் ஹெடரில் என்ன இருக்கிறதோ அதில் தயாராகிறது என்று பிடித்திருக்கிறாய். உன் இரண்டு டெஸ்ட் கணக்குகளை வைத்தே காட்டியிருக்கிறாய்: ஹோஸ்ட்டை மாற்றிய ரிக்வெஸ்ட், பெட்டியில் வந்து விழுந்த மின்னஞ்சல், இணைப்பை அழுத்தியதும் உன் சர்வரின் லாகில் பதிந்த டோக்கன். மூன்றே ஸ்கிரீன்ஷாட், ஓர் உரிச்சொல் இல்லை. அருமை. இந்தத் துறையில் பல வருடம் குப்பை கொட்டியவர்களிடமும் இவ்வளவு சுத்தமான ஒரு பக்கத்தை நான் பார்த்ததில்லை. எந்த ஸ்கேனர் இதைச் சொன்னது உனக்கு? ஒன்றும் சொல்லியிருக்காது. அடிப்படை யூஆர்எல் என்ற செட்டிங் அந்தக் கோப்பில் இல்லவே இல்லை என்பதைக் கவனித்து, அப்படியானால் டொமைன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவன் நீ. இப்படிக் கேட்கத் தெரிந்தவன் வெப்.எக்ஸ்எம்எல்லைப் பார்த்து 'இணக்கம்' என்று எழுதலாமா? இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் இருப்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. எட்டை முதலுக்குக் கொண்டுவா, நிலையை 'உயர்' என்று மாற்று. 45 நாளை எங்காவது கடைசியில் போடு.

மற்ற பகுதிகளில் சொல்வதற்கு அதிகம் இல்லை. லாகின் ஆனதும் செஷன் ஐடி மாறுகிறதா என்று பார்த்திருக்கிறாய், நல்லது. குக்கி ஃபிளாகுகள் பற்றிய பட்டியல் கொஞ்சம் நீளம். 'வாய்ப்புள்ளது' என்ற சொல் பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது. செய்து பார்த்ததற்கும் அதையே எழுதினால், செய்து பார்க்காதது எது என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இணைப்பு மூன்றுக்குத் திருத்தம் எழுதும்போது, பட்டியலில் ஹெட்டையும் சேர்க்கச் சொல்லிவிடாதே. டெவலப்பர்கள் அதைத்தான் செய்ய வருவார்கள், ஒரு வரியில் முடிகிற வேலை என்று. மெத்தட் வரிகள் இரண்டையும் நீக்கச் சொல். ஏதோ காரணத்துக்காக அவை இருந்தே ஆக வேண்டும் என்றால், சர்வ்லெட் 3.1-இல் வந்த டினை அன்கவர்டு எச்டிடிபி மெத்தட்ஸ் வரியைச் சேர்க்கச் சொல். பிறகு ஹெட்டை வைத்து ஒருமுறை, நீயே இட்டுக்கட்டிய ஒரு மெத்தட் பெயரை வைத்து ஒருமுறை சோதி. பழைய டாம்கேட் சர்வரில் ஜேஎஸ்பி பக்கங்கள் எந்தப் பெயருக்கும் எழுந்து வேலை செய்யும்.

ஒன்று மட்டும் கவனம். பயனரை நீக்கும் இணைப்பு கெட்டிலேயே ஓடுகிறது என்று பதினொன்றாம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய். அந்த முகவரிக்கு நீ ஒரு ஹெட் அனுப்பினால் அங்கே உண்மையாகவே ஒரு ஆள் காணாமல் போவார், உன் திரையில் ஒன்றும் தெரியாது. ஆகவே டெஸ்ட் சர்வரில் மட்டும் செய். அதற்கும் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டுச் செய்.

அன்புடன்,
உன் பழைய ஆடிட்டர்