மாடு தின்னுமா, மண் தின்னுமா?
மார்கழிப் பின்பாதிக்கான குறிப்பு: கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளுக்கு

மார்கழி பாதி தாண்டிவிட்டது. போகிக்கு இன்னும் இரண்டு வாரம். கடைத்தெருவில் ஜிகினாத் தோரணமும் பிளாஸ்டிக் மாவிலையும் தொங்கத் தொடங்கியாயிற்று. தெருவுக்கு நாலு மாமரம் நிற்கிற ஊரில் பிளாஸ்டிக் மாவிலை! அதை வாங்கக் கை நீட்டுவதற்கு முன்னால் ஒரு நடை தோட்டத்துக்குப் போய்விட்டு வாருங்கள். கூடலூர் முதல் சின்னமனூர் வரை இந்த மாதம் வரப்பில் தள்ளிக் கிடப்பதைக் கொண்டே வாசலையும் தொழுவத்தையும் நிறைத்துவிடலாம். மிச்சத்தில் சீர்ப்பெட்டியும் கட்டலாம். ஆனால் சிலதை இன்றே தொடங்கவேண்டும், பொங்கலுக்கு முந்தின நாள் ஓடினால் கிடைக்காது.

எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதற்கு எங்கள் அப்பத்தா ஒரே கேள்விதான் வைத்திருந்தார்: "இத மாடு திங்குமா, மண்ணு திங்குமா?" இரண்டும் தின்னாத எதையும் நிலைப்படியில் ஏற விடமாட்டார். கீழே சொல்பவை பெரும்பாலும் அந்தக் கேள்வியில் தேறியவை. பாதி தேறியவையும் உண்டு, அவற்றுக்கு எச்சரிக்கை சேர்த்திருக்கிறேன்.

இந்த வாரமே: வாழை

தார் வெட்டி முடித்த வாழையைச் சாய்த்து ஓரமாகத் தள்ளுவதுதான் நம் வழக்கம். அந்தக் கட்டையில் இரண்டு, மூன்றைக் கேட்டு வாங்குங்கள், யாரும் காசு கேட்கமாட்டார்கள். வெளியே காய்ந்த மட்டையை விட்டுவிட்டு அடுத்த இரண்டு மூன்று மட்டைகளை உரித்து, 3 அடித் துண்டுகளாக நறுக்குங்கள். பலகைமேல் வைத்துக் கத்தியின் முதுகால் சதையை வழித்தால் நார் தனியே நிற்கும். அலசி, நிழலில் இரண்டு நாள் காயவேண்டும். ராத்திரி வெளியே போடாதீர்கள். மார்கழிப் பனி ஏறினால் நார் பழுப்பாகிப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய சட்டை போட்டுக்கொண்டு உட்காருங்கள், வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் அசையாது.

சருகு விஷயம் நேர் எதிர். அதற்குப் பனி வேண்டும். உச்சி வெயிலில் தொட்டால் நொறுங்குகிற சருகு, விடிகாலை ஆறு மணிக்குத் துணிபோல மடியும். அப்போது போய் எடுத்து, அப்போதே மடித்து, நாரால் கட்டிவிட்டு, பிறகு வெயிலில் காயவைத்தால் மடித்த வடிவம் நிற்கும். எள்ளுருண்டை, முறுக்கு, உலர்ந்த திராட்சை கொடுக்க இதைவிட நல்ல பொட்டலம் கிடையாது. ஒரு காலத்தில் மூக்குப்பொடியே வாழைமட்டையில்தான் கட்டி வந்தது. பொடி ஈரம் காயாமல் இருக்கும் என்பதைத் தெரிந்து செய்த வேலை அது.

வாழைநார் என்றால் பூக்கட்டுவதற்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். மதுரை மாவட்டம் மேலக்காலைச் சேர்ந்த பி.எம். முருகேசன் வாழை மட்டையைக் கயிறாகத் திரிக்க ஒரு பொறியையே உருவாக்கி, அந்தக் கயிற்றில் கூடை, பை எல்லாம் செய்ய வைத்தவர். திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நார் எடுக்கும் முறைகளைப் பரப்பி வருகிறது. நம் பள்ளத்தாக்கில் வாழைக்குப் பஞ்சமில்லை, ஆனால் கட்டை இன்னும் வரப்பிலேயே அழுகிக்கொண்டிருக்கிறது.

திராட்சைக் கவாத்துக் குச்சி

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊரறிந்த செய்தி. அந்தப் பந்தலுக்கடியில் கவாத்து முடிந்து குவிந்து கிடக்கும் குச்சிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெட்டிய ஒன்றிரண்டு நாளுக்குள், பச்சை வாட்டத்தில் இருக்கும்போதே வளைத்தால் முறியாது. நாலைந்து குச்சியை ஒன்றோடொன்று சுற்றி ஒரு முழ அகல வளையமாக்கி, வாழைநாரால் நாலு இடத்தில் இறுக்குங்கள். காய்ந்ததும் வளையம் தானே நிற்கும். அதில் பூளைப்பூவும் மாவிலையும் செருகினால் நிலைக்கதவுக்குப் போதும். பூவை மாற்றிக்கொண்டே இருந்தால் வளையம் பல வருஷம் வரும்.

எச்சரிக்கை இங்கேதான். திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவை அடிப்பது நமக்குத் தெரிந்ததே. குச்சியில் நீலம் பூத்திருந்தால் அது மயில்துத்தம். நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், கழுவிய பிறகும் பலகாரத் தட்டுக்கோ கூடைக்கோ இதைப் பயன்படுத்தவேண்டாம். தொழுவத்தில் கட்டவே கூடாது. மாடு கடித்துப் பார்க்காமல் விடாது.

உண்ணிச்செடியும் இப்படித்தான். நீலகிரிக் கூடலூர்ப் பக்கத்தில் (நம் கூடலூர் அல்ல) பழங்குடி மக்கள் காட்டைப் பிடித்த உண்ணிச்செடியை வெட்டி, அதன் தண்டில் நிஜ யானை உயரத்துக்கே யானைகள் செய்கிறார்கள். 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. நம் வேலியோரத்து உண்ணித் தண்டையும் வேகவைத்துப் பட்டை உரித்தால் கூடை முடையலாம். ஆனால் அதன் இலை மாட்டுக்கு விஷம். கழிக்கும் இலையைப் பாதையில் போடாமல் புதைத்துவிடுங்கள். நமக்கு வேண்டியது வேலியிலேயே இருக்கிறது. இதற்காக மலை ஏறவேண்டாம். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது, அங்கே குச்சி பொறுக்குவதும் குற்றம்.

குருத்தோலையும் கதிரும்

குருத்தோலைத் தோரணத்துக்கு இணை இல்லைதான். அதற்காகக் காய்க்கிற மரத்தில் கை வைக்காதீர்கள். பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். வெட்ட நிற்கும் மரம், காற்றில் சாய்ந்த மரம் யாரிடம் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பச்சை மட்டை வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டோடு ஒட்டி வெட்டாமல் 4 அடி விட்டு வெட்டவேண்டும். கொண்டுவந்த குருத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று நாள் வாடாது.

நெற்கதிர் கேட்பவர்களுக்கு: தஞ்சாவூர்ப் படத்தில் வருவதுபோலத் தைப்பொங்கலுக்கு நம் வயலில் கதிர் சாய்ந்திருக்காது. பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகம். முதல் போகம் மழைக்காலத்தோடு களத்துக்கு வந்துவிட்டது, இரண்டாம் போகம் இப்போது பச்சைப் பயிர். ஆகவே கதிர்க்கொத்து வேண்டுமென்றால் முதல்போகக் கதிரை எடுத்து வைத்தவர் வீட்டில் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் ஆண்டிபட்டி, போடிப் பக்கத்து மானாவாரியிலிருந்து சோளக்கதிர் வாங்கலாம். பத்துப் பதினைந்து தாளை வைக்கோலில் சேர்த்துக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். குருவிகள் ஒரு மாதத்தில் தின்று முடித்துவிடும். சோறு ஊட்டும் வயதில் குழந்தை உள்ள வீட்டுக்கு இந்தக் கொத்தைக் கொடுத்துப் பாருங்கள், குழந்தை குருவி பார்த்தே சோறு தின்னும்.

இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி வீடுகளில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்பார்கள். மினுக்குத் தூள் தூவாத வைக்கோல் என்றால் நேராக மாட்டுக்குப் போகலாம். தூவியது என்றால் மாட்டுக்கும் ஆகாது, எருவுக்கும் ஆகாது. மூங்கில் சிம்பு நட்சத்திரத்தின் காகிதத்தை மட்டும் உரித்துவிட்டுச் சட்டத்தைப் பரணில் ஏற்றுங்கள்.

கொடுக்கிற பொருள்

தலைப்பொங்கல் சீர் இப்போதெல்லாம் பிளாஸ்டிக் கூடையில், மேலே பளபளக்கும் தாள் சுற்றி வருகிறது. சம்பந்தி வீட்டில் பிரித்த பத்தாவது நிமிஷம் அந்தத் தாள் சாக்கடையில். பனை ஓலைப் பெட்டிக்கோ மூங்கில் கூடைக்கோ சொல்லி வைக்க இதுதான் கடைசி வாரம். முடைகிறவர்களுக்கு நாள் வேண்டும், கடைசி நேரத்தில் போய்ப் பேரம் பேசினால் இருவருக்கும் மனக்கசப்பு.

சீர்ப்பெட்டிக்குள் வைக்க உள்ளூர்ச் சரக்கு இரண்டு சொல்கிறேன். ஒன்று, ஏலக்காய் மாலை. தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டம் போகிற பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். எந்தக் காய் கோக்க ஆகும் என்று அவர்களைக் கேளுங்கள். தரம் பிரித்ததில் விலை குறைந்த காய் போதும், வெடிக்காததாக இருந்தால் சரி. மெல்லிய ஊசியால் பக்கவாட்டில் குத்தி, நூலில் கோத்து, சருகுப் பொட்டலத்தில் இருட்டில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும். மினுக்குப் பூச்சு எதுவும் அடிக்காதீர்கள். பொங்கல் முடிந்து அந்த மாலை பாயசத்துக்கும் டீக்கும் போகவேண்டும்.

இன்னொன்று இலவம்பஞ்சுத் தலையணை. போடியில் பஞ்சு கிடைக்கும், உறைக்குப் பழைய சுங்குடிச் சேலை. அம்மா கட்டிய சேலையில் தைத்த தலையணையை மகளுக்கு அனுப்பினால் அதற்குமேல் சீர் என்ன வேண்டும்?

சிரட்டை அகப்பையும் செய்யலாம். முற்றிய தேங்காயில் கண் இல்லாத பாதியை எடுங்கள். கண்ணாடிச் சில்லால் வெளி நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு துளை போட்டு மூங்கில் காம்பைச் செருகவேண்டும். தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நாள் வைத்தால் கறுத்து மின்னும். பொங்கல் பானையைக் கிளற அதுதான் சரியான கரண்டி. போத்தலுக்குச் சாயம் அடித்து மணி ஒட்டி 'மறுபயன்பாடு' என்று பரிசளிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கழுவிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டால் போத்தல் மறுபடி போத்தலாகும், சாயம் அடித்த போத்தல் குப்பைதான்.

பைக்கு ஒரு கணக்கு: 4 முழப் பழைய வேட்டி ஒன்றில் நடுத்தரப் பை நாலு தேறும், கரை காதுக்கு ஆகும். படிகாரத் தண்ணீரில் நனைத்துப் பிறகு மஞ்சள் கொதிநீரில் முக்கி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் மஞ்சள் வெளுக்கும். வெளுத்தால் மறுபடி முக்கலாம். அரசு 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்ததும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' தொடங்கியதும் நினைவிருக்கும். கடைக்காரர் "துணிப்பை மாதிரிதான்" என்று நீட்டுகிற நெய்யாத பையும் அந்தத் தடையில் அடக்கம். அது துணி இல்லை, பிளாஸ்டிக் இழை.

போகியும் காப்பும்

போகியில் எரிக்க ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி. கோரைப்பாய் எருக்குழிக்குப் போகும், துணி பைக்குப் போகும். டயரையும் பழைய பிளெக்ஸையும் எரித்தால் மார்கழிக் காலையில் புகை மேலே ஏறாது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் நாம், மூச்சு முழுக்க அதுதான். பிளெக்ஸை வைக்கோல் படப்புக்கு மூடியாக்குங்கள். நெல்லோ மிளகாயோ அதன்மேல் காயப்போடவேண்டாம். ஜனவரி 15, பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாளுக்கு லோயர்கேம்ப் மணிமண்டபத்திலும் ஊர்களிலும் பொங்கல் வைக்கும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வேன்: 1841-ல் பிறந்த மனிதருக்கு இந்த வருஷத் தேதி போட்ட பிளெக்ஸ் எதற்கு? ஒரு துணியில் எழுதினால் வருஷா வருஷம் கட்டலாம்.

காப்புக்கு வேண்டிய பூளை, ஆவாரை, வேப்பிலையைப் போகி அன்று காலையில் வெட்டினால் போதும். பூளையை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுங்கள். மருந்தடித்த வரப்பில் எடுக்காதீர்கள். கோலத்தில் வைக்கும் பூசணிப்பூ ஆண்பூவாக இருக்கட்டும். காம்புக்கும் பூவுக்கும் நடுவில் பிஞ்சு திரண்டிருந்தால் அது பெண்பூ, காயாகட்டும். பூ வைத்த சாணிப்பிள்ளையாரைத் தினமும் சுவரில் தட்டிக் காயவைத்தால் பொங்கல் அடுப்புக்கு எரிபொருள் சேர்ந்திருக்கும். கலர்ப்பொடிக்குப் பதில் காவிக்கல், மஞ்சள் தூள். மஞ்சளோடு துளி சுண்ணாம்பு சேர்த்தால் நல்ல சிவப்பு.

தொழுவம்

மாட்டுப் பொங்கலுக்குக் கம்பத்தில் தம்பிரான் மாட்டுத்தொழுவுக்குப் போகாத குடும்பம் குறைவு. கரும்பும் பழமும் கொண்டுபோகிறவர்கள் கேரிப்பை, ரப்பர் பேண்ட் எதுவும் இல்லாமல் போங்கள். மாடு பழத்தை மட்டும் தனியாக எடுத்துத் தின்னாது, பையோடு விழுங்கும். விழுங்கிய பை வயிற்றிலேயே தங்கிவிடும்.

வீட்டு மாட்டுக்கு ஜிகினா மாலை வேண்டாம், அரளி மாலையும் வேண்டாம். சீலையம்பட்டிச் சந்தையில் அரளி மலிவாகக் கிடைத்தாலும் அது சாமிக்குத்தான் ஆகும், மாட்டுக்கு நஞ்சு. வாழைநாரில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் கட்டுங்கள். நெட்டிமாலை கிடைத்தால் இன்னும் அழகு. கொம்புக்கு எனாமல் பெயிண்ட் போடாமல் காவியும் சுண்ணாம்பும் தடவினால் அடுத்த மழையில் கழுவிப் போய்விடும்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் எல்லாவற்றையும் அவிழ்த்து, திராட்சை வளையத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதை எருக்குழியில் போட்டு மேலே இரண்டு கூடை சாணம் கொட்டுங்கள். இலவங்காய் பங்குனி வாக்கில் வெடிக்கும். பஞ்சு எடுத்தபின் எறியும் ஓடுகள் படகு மாதிரி இருக்கும். ஒரு சாக்கு நிறைய வாங்கி உலர்வான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கார்த்திகைக்கு அகல் வைக்கும் தட்டாகும். ஓட்டுக்கும் திரிக்கும் நடுவில் மண் அகல் இருக்கவேண்டும், மறந்துவிடாதீர்கள்.